நைட் ஷிப்ட் பார்த்தால் மார்பகப் புற்றுநோய் வருமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

'இரவில் கண் விழித்து வேலை பார்க்கும் பெண்களுக்குப் புற்றுநோய் வரும், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது' என்றொரு செய்தி அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படித்துவிட்டுப் பதறுகிறவர்களில் பலருக்கு அன்று ராத்திரியே டியூட்டி இருக்கும். வார்டில் நர்ஸ், நூற்பாலையில் இயந்திரத்தைக் கவனிக்கும் சைடர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகங்களைப் பொருத்துகிறவர், ஓ.எம்.ஆரில் அமெரிக்காவிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறவர் என்று ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, ஆய்வுகள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே பார்க்கலாம்.

*நைட் ஷிப்டைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாமே, உண்மையா?*

சேர்த்தது உண்மை. அதற்கு வாட்ஸ்அப் சொல்லும் அர்த்தம்தான் சரியில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ், பிரான்சின் லியோன் நகரில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இயங்குகிறது. எந்தப் பொருள், எந்தப் பழக்கம், எந்த வேலை புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று சான்றுகளைச் சலித்துப் பார்த்து வகை பிரிப்பது அதன் வேலை. 2007இல் 'உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை' என்ற பெயரில் இதை 2ஏ பிரிவில் வைத்தது. 2019இல் வல்லுநர்கள் மறுபடி கூடி, புதிதாக வந்த ஆய்வுகளையும் படித்துவிட்டு, பெயரை 'இரவு ஷிப்ட் வேலை' என்று மாற்றினார்கள். பிரிவை மாற்றவில்லை.

2ஏ என்றால் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது'. புகையிலை, மது, பாக்கு போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானவை முதல் பிரிவில் இருக்கின்றன. இரவு வேலையைப் பொறுத்தவரை விலங்குச் சோதனைகளில் போதுமான சான்று இருக்கிறது. மனிதர்களிடம் கிடைத்த சான்று குறைவுதான் என்று அந்தக் குழுவே எழுதியிருக்கிறது. மார்பகம், ஆண்களின் புராஸ்டேட், பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றில் தொடர்பு தென்படுகிறது. ஆனால் வேறு காரணங்கள் கலந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் இதே 2ஏ-வில் இருக்கின்றன. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும் அங்கேதான். ஆற்றாமல் காபி குடிப்பவரைப் பார்த்து யாரும் அலறுவதில்லை.

*சரி, ஆபத்து எவ்வளவுதான்?*

இந்தக் கேள்விக்கு முதலில் கணிசமான பதில் தந்தவர்கள் அமெரிக்க நர்ஸ்கள். 1976இல் அங்கே 1,21,700 நர்ஸ்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பகலும் இரவுமாக மாறி மாறி வரும் ஷிப்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு, அப்படி வேலை பார்க்காதவர்களைவிட மார்பகப் புற்றுநோய் 36 சதவீதம் கூடுதலாக வந்ததாக 2001இல் தெரியவந்தது. அதைவிடக் குறைந்த காலம் பார்த்தவர்களிடம் கூடுதல் 8 சதவீதம்தான். டென்மார்க்கிலிருந்தும் சியாட்டில் நகரிலிருந்தும் அதே 2001இல் வந்த ஆய்வுகள் 50, 60 சதவீதம் என்றன. உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

36 சதவீதம் என்றதும் நூறு நர்ஸ்களில் 36 பேருக்குப் புற்றுநோய் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. இந்தியாவில் சராசரியாக நூறு பெண்களில் ஏறத்தாழ 3 பேருக்கு 75 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. 36 சதவீதக் கூடுதல் என்பது அந்த மூன்றின் மேல் ஏறுவது. அதாவது நூறில் 3 பேர் என்பது 4 பேர் ஆகும். அதுவும் முப்பது வருடம் நைட் பார்த்த பிறகு. மீதி 96 பேருக்கு வராது.

தனி ஒரு பெண்ணுக்கு இது சின்னக் கணக்கு. அரசுக்கு அப்படியல்ல. 2022இல் இந்தியாவில் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகச் சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. இறந்தவர்கள் ஏறக்குறைய 98 ஆயிரம். இரவு வேலைக்கு லட்சக்கணக்கில் பெண்களை அனுப்பும் ஒரு நாடு, சின்னக் கூடுதல்தானே என்று கையை விரிக்க முடியாது.

*ஒரு ஆய்வு 'வரும்' என்கிறது, இன்னொன்று 'வராது' என்கிறது. எதை நம்புவது?*

2016இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த ஆய்வைத்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்கிறவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் மூன்று பெரிய ஆய்வுகளில் இருந்த ஏறத்தாழ 8 லட்சம் பெண்களின் விவரங்களையும், மற்ற நாட்டு ஆய்வுகளையும் சேர்த்து, 14 லட்சம் பெண்களின் கணக்கைப் போட்டார்கள். இரவு வேலை பார்த்தவர், பார்க்காதவர் இடையே வித்தியாசமே இல்லை என்று விடை வந்தது. இருபது வருடம், முப்பது வருடம் பார்த்தவர்களிடமும் இல்லை. 'நைட் ஷிப்ட் பயம் தீர்ந்தது' என்று தலைப்புகள் வந்தன.

ஆனால் அந்த எட்டு லட்சத்தில் பெரும்பாலானவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். இரவு வேலை பற்றிக் கேட்டபோது அவர்களின் சராசரி வயது 68. வேலையை விட்டு ஓய்ந்து பல வருடம் ஆனவர்கள். கேள்வி கேட்ட பிறகு அவர்களைக் கவனித்த காலமும் மூன்று வருடத்துக்கும் குறைவு. நாற்பது வயதில் நைட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோய் வந்தவர்கள் அந்தக் கணக்கில் சரியாக விழவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நியாயமான எதிர்ப்பு என்றே படுகிறது.

ஏனென்றால் 2018இல் ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களிடம் மட்டும் 26 சதவீதக் கூடுதல் தெரிந்தது. வாரத்துக்கு அதிக இரவுகள், நீண்ட நேர ஷிப்ட், அதுவும் பல வருடம் என்று சேர்ந்தவர்களிடம் இன்னும் கூடுதல். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அப்படி இல்லை. அமெரிக்க நர்ஸ்களின் கணக்கை 2017இல் மறுபடி புரட்டியபோதும் இதே சாயல்தான். 1976இல் தொடங்கிய, வயதானவர்கள் அதிகமுள்ள முதல் குழுவில், நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தபோது தொடர்பு மறைந்துபோயிருந்தது. பின்னர் இளம் நர்ஸ்களைக் கொண்டு தொடங்கிய இரண்டாவது குழுவில், சின்ன வயதிலேயே ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் பார்த்தவர்களிடம் ஆபத்து இரு மடங்கு அளவுக்கு நின்றது. ஆனால் அத்தனை வருடம் பார்த்து நோயும் வந்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான் என்பதால் எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

நம் மில் தொழிலாளிகளுக்குப் பக்கத்தில் வரும் ஆய்வு ஒன்று உண்டு. ஷாங்காய் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த 2 லட்சத்து 67 ஆயிரம் பெண்களைக் கொண்ட பெரிய குழுவிலிருந்து எடுத்த ஆய்வு அது. 2015இல் வந்த அதன் முடிவு, இரவு ஷிப்டுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்பது. சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இவ்வளவுதான்: சில வருடம் நைட் பார்த்தவர் அஞ்ச வேண்டியதில்லை. சின்ன வயதில் தொடங்கி, அடுக்கடுக்காக இரவுகள், பல வருடம் என்று பார்ப்பவர்களைப் பற்றித்தான் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

*ராத்திரி விழிப்பதற்கும் மார்பகத்துக்கும் என்ன சம்பந்தம்?*

இருட்டில்தான் சுரப்பேன் என்று அடம்பிடிக்கும் ஹார்மோன் ஒன்று உடலில் இருக்கிறது. பெயர் மெலடோனின். மூளையின் நடுவில் இருக்கும் பினியல் சுரப்பி, மாலை மங்கியதும் அதைச் சுரக்கத் தொடங்கும். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு உச்சத்துக்குப் போகும். விடிந்தால் அடங்கிவிடும். கண்ணுக்குள் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே தனி உயிரணுக்கள் இருக்கின்றன. நீல நிறம் கலந்த வெள்ளை வெளிச்சம் பட்டால் அவை 'பகல்தான்' என்று மூளைக்குச் சொல்லிவிடும், சுரப்பு நின்றுவிடும். வார்டின் டியூப் லைட்டும் ஆலையின் எல்இடி விளக்கும் அந்த வகைதான்.

ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987இல் ஒரு கேள்வியை எழுப்பினார். மின் விளக்கு பெருகிய நாடுகளில் மார்பகப் புற்றுநோயும் ஏன் பெருகுகிறது? விளக்கு மெலடோனினைக் குறைத்து, அதன் வழியாக ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுகிறதா? அப்போது அது வெறும் ஊகம். பார்வையற்ற பெண்களிடம் இந்த நோய் குறைவாக இருக்க வேண்டுமே என்று சிலர் தேடிப் போனார்கள். ஃபின்லாந்தில் 1999இல் பார்த்தபோது, பார்வை இழப்பு கூடக்கூட மார்பகப் புற்றுநோய் குறைந்துகொண்டே வந்தது.

இதில் மறக்க முடியாத சோதனை டேவிட் பிளாஸ்க் என்பவரின் குழு 2005இல் வெளியிட்டது. ஆரோக்கியமான இளம் பெண்கள் சிலரிடம் மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். ஒன்று பகலில். இன்னொன்று இருட்டறையில் இருந்தவர்களிடம் நள்ளிரவு தாண்டி. மூன்றாவது அதே நடு இரவில்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் பளீரென்ற விளக்கு முன் உட்காரவைத்த பிறகு. மனித மார்பகப் புற்றுத் திசுவை எலிகளின் உடலில் வளர்த்து, அதன் ஊடாக இந்த மூன்று ரத்தத்தையும் தனித்தனியே ஓடவிட்டார்கள். இருட்டில் எடுத்த ரத்தம் பட்டதும் கட்டியின் வளர்ச்சி அடங்கியது. பகல் ரத்தத்தில் அடங்கவில்லை. விளக்கு முன் உட்கார்ந்தவர்களின் இரவு ரத்தமும் பகல் ரத்தம் போலவே நடந்துகொண்டது. அதே பெண்கள், அதே ராத்திரி. ஒன்றரை மணி நேர வெளிச்சம் மட்டும்தான் வித்தியாசம்.

சோதனைக்கூடத்தில் எலியிடம் பார்த்தது அப்படியே மனிதருக்குப் பொருந்திவிடாது. தவிர, காரணம் வெளிச்சம் ஒன்றுதான் என்றும் இல்லை. உடலின் உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் நேரம் பார்க்கும் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றின் இயக்கத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உயிரணு எப்போது பிரிய வேண்டும், பழுதான மரபணுவை எப்போது சரிசெய்ய வேண்டும் என்பதிலும் இந்தக் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு. நள்ளிரவு ஒரு மணிக்குப் பரோட்டா சாப்பிடுவது, பகலில் நாலு மணி நேரம் மட்டும் தூங்குவது, அதனால் ஏறும் எடை என்று இவையும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருமன் மார்பகப் புற்றுநோய்க்கு உறுதியான காரணம். நைட் பார்ப்பவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதல் என்பதற்கு ஆய்வுகள் பல இருக்கின்றன. பயப்படுவதானால் முதலில் அவற்றுக்குப் பயப்படலாம்.

*அப்படியானால் மெலடோனின் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?*

வேண்டாம். அது புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் நிரூபணம் ஆகவில்லை. தூக்கத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லதல்ல.

*வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறது. அதற்குப் பதில் நிரந்தரமாக நைட்டே வாங்கிக்கொண்டால் உடம்பு பழகிவிடாதா?*

மில்லில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் ஃபுல் நைட் என்று சுழலும்போது இப்படித் தோன்றுவது இயல்பு. நிரந்தரமாக நைட் பார்ப்பவர்களின் மெலடோனினை அளந்து பார்த்த ஆய்வுகளை 2008இல் தொகுத்தபோது, உடல் கடிகாரம் முழுக்க இரவுக்கு மாறியவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு என்று தெரிந்தது. காரணம் எளிது. லீவு நாளில் எல்லாரோடும் பகலில்தானே விழித்திருக்கிறோம்? வேலை முடிந்து காலை வெயிலில்தானே வீட்டுக்கு வருகிறோம்? கடிகாரம் மாற வழியே இல்லை.

ஆகவே நைட் வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட, எப்படிப் போடுகிறார்கள் என்பதே முக்கியமாகிறது. இதைத்தான் டியூட்டி லிஸ்ட் போடும் சூப்பர்வைசர்களும் நர்ஸிங் கண்காணிப்பாளர்களும் படிக்க வேண்டும் என்பேன். ஆய்வுகளை அலசிய ஐரோப்பிய வல்லுநர்கள் சிலர் 2020இல் சில வரம்புகளைச் சொன்னார்கள். தொடர்ந்து மூன்று இரவுகளுக்கு மேல் போடக் கூடாது. ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில் குறைந்தது 11 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு ஷிப்ட் 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வாரத்துக்கு ஒரு இரவுக்கு மேல் கூடாது.

நம் ஊர் நிலைமையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல மருத்துவமனைகளில் பகலை இரண்டு ஷிப்டாக வெட்டிவிட்டு, இரவை மட்டும் 12 மணி நேரம் முழுசாக ஒரே ஆளிடம் கொடுக்கிறார்கள். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எவ்வளவு எதிர்ப்பு! சில நாட்களில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அதே பன்னிரண்டு மணி நேரத்தை நர்ஸ்கள் இரவில் பார்த்துக்கொண்டிருப்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதும் ஷிப்டின் பகுதிதான். நைட் முடித்து வரும் ஆண் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் 'அப்பா தூங்குறார், சத்தம் போடாதே' என்று பிள்ளைகளை அதட்டும் வீடுகள், அம்மா வந்தால் டிபன் பாக்ஸ் கட்டக் கூப்பிடுகின்றன. எட்டு மணிக்கு வந்து, சமைத்து, தண்ணீர் பிடித்து, பதினொன்றுக்குப் படுத்தால் மூன்றரைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடுகிறது. இதற்கு மாத்திரை கிடையாது. கனத்த துணியில் ஜன்னலுக்குத் திரை, போனை அணைத்து வேறு அறையில் வைப்பது, வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி, தொடர்ந்து ஆறு ஏழு மணி நேரம் யாரும் எழுப்பாத தூக்கம் ஆகியவை உதவும். கடைசியாகச் சொன்னதை வீட்டில் உள்ள மற்றவர்கள்தான் தர முடியும்.

*தூக்கம் வராமலிருக்க வெற்றிலை பாக்கு போடுகிறோம், அடிக்கடி டீ குடிக்கிறோம். இது சரியா?*

டீ பரவாயில்லை, ஷிப்டின் பின்பாதியில் குறைத்துக்கொண்டால் காலையில் தூக்கம் வரும். பாக்கு கூடவே கூடாது. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், பாக்கு முதல் பிரிவில் இருக்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கு நிரூபணமான காரணம். 'அநேகமாக' என்ற பிரிவிலுள்ள இரவைச் சமாளிக்க, 'நிச்சயம்' என்ற பிரிவிலுள்ள பாக்கை வாயில் போடுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. ஹான்ஸ், குட்கா பற்றிச் சொல்லவே தேவையில்லை.

*பன்னிரண்டு வருடமாக நைட் பார்க்கிறேன். வேலையை விட்டுவிடட்டுமா?*

இதற்காக மட்டும் விட வேண்டாம். வருமானம் நின்றால் வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. மார்பகப் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்கள் வேறு பல இருக்கின்றன. சிறு வயதில் பூப்பெய்துவது, தாமதமாக மாதவிடாய் நிற்பது, முப்பதுக்குப் பிறகு முதல் குழந்தை அல்லது குழந்தை இல்லாமை, மாதவிடாய் நின்ற பின் எடை கூடுவது, மது, நீண்ட காலம் ஹார்மோன் மாத்திரை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருப்பது. இவற்றில் சில நம் கையில் இல்லை. தாய்ப்பால் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. மொத்தமாகப் பன்னிரண்டு மாதம் தாய்ப்பால் கொடுத்தால் ஆபத்து 4 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்று 30 நாடுகளின் விவரங்களைச் சேர்த்து 2002இல் கணக்கிட்டிருக்கிறார்கள். குழந்தை பெற்றவளை உடனே நைட்டுக்கு வரச் சொல்லும் நிர்வாகம் அந்தப் பாதுகாப்பையும் பறிக்கிறது.

அம்மா, சித்தி, அக்கா என்று நெருங்கிய உறவில் இருவருக்கு மேல் வந்திருந்தாலோ, யாருக்காவது ஐம்பதுக்கு முன் வந்திருந்தாலோ, ஒருமுறை புற்றுநோய் மருத்துவரிடம் பேசிவிட்டு, பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்பதில் தவறில்லை. நைட்டை நிறுத்திய பிறகு வருடங்கள் போகப் போகக் கூடுதல் ஆபத்து தணிந்துவிடுவதாகத்தான் நர்ஸ்கள் ஆய்வின் போக்கு காட்டுகிறது.

*மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. இது கர்ப்பப்பைப் புற்றுநோயின் அறிகுறியா?*

ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் நர்ஸ்களிடம் மாதவிடாய் ஒழுங்கு தவறுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அது மட்டுமே புற்றுநோயின் அறிகுறி அல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டால் பெருமளவு தடுக்கலாம். ஆனால் உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் 'நைட் பார்ப்பதால்தான்' என்று நீங்களே முடிவு செய்யாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

*படுக்கையில் செல்போன் பார்ப்பதும் இதே ஆபத்தா?*

இல்லை. தூக்கம் கெடும், அவ்வளவுதான். படுக்கையறை வெளிச்சத்தைப் பற்றிப் பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை.

*டென்மார்க்கில் நஷ்டஈடு கொடுத்தார்களாமே? இங்கே கிடைக்குமா?*

கொடுத்தார்கள். புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2007 அறிவிப்புக்குப் பிறகு, மார்பகப் புற்றுநோய் வந்த ஏறத்தாழ 40 பெண்களுக்கு டென்மார்க் அரசின் தொழில்சார் விபத்து வாரியம் இழப்பீடு வழங்கியது. வாரத்தில் குறைந்தது ஒரு இரவு வீதம் 20, 30 வருடம் வேலை பார்த்தவர்கள் அவர்கள். நர்ஸ்களும் விமானப் பணிப்பெண்களும் இருந்தார்கள். குடும்பத்தில் யாருக்கும் நோய் இருந்திருக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடுதான் கொடுத்தார்கள். இங்கே தொழிலாளர் சட்டத்தின் தொழில்சார் நோய்கள் அட்டவணையில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய் போன்றவை இருக்கின்றன. இரவு வேலையால் வரும் மார்பகப் புற்றுநோய் இல்லை.

ஆனால் நம் சட்டத்தில் வேறொன்று இருக்கிறது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. அது பாகுபாடு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தது. கூடவே வாகன வசதி, பெண்கள் கூட்டாக வேலை பார்ப்பது என்று நிபந்தனைகளை வரிசையாக வைத்தது. அதில் ஒன்று, பகல் ஷிப்டிலிருந்து நைட்டுக்கோ நைட்டிலிருந்து பகலுக்கோ ஒரு பெண்ணை மாற்றினால் இடையில் தொடர்ச்சியாக 12 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது. இருபது வருடம் கழித்து உடல் கடிகார வல்லுநர்கள் சொன்ன 11 மணி நேரத்தைவிட இது ஒரு மணி நேரம் கூடுதல். 2020இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், இரவு வேலைக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும்போது, எத்தனை இரவு தொடர்ந்து போடுவீர்கள், இடையில் எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று கேட்கும் உரிமை அந்தக் கையெழுத்திலேயே இருக்கிறது. தொழிற்சங்கங்கள் படி, போனஸ் பேசும் மேசையில் இதையும் பேச வேண்டும்.

*என்ன பரிசோதனை, எப்போது செய்துகொள்ள வேண்டும்?*

முப்பது வயதானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். தேசியத் திட்டப்படி 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. மேமோகிராம் எடுப்பது பற்றி நாற்பதுக்கு மேல் டாக்டரிடம் கேளுங்கள். குடும்பத்தில் நோய் இருந்தால் இன்னும் முன்பே. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அங்கேயே போகலாம். நைட் பார்ப்பவர்கள் என்பதற்காகத் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், முகாம்களும் ஓ.பி.யும் காலை எட்டிலிருந்து மதியம் வரை நடக்கின்றன. நைட் பார்த்தவர் அந்நேரம் கண் சொருகிக் கிடக்கிறார். அதனால் யாருக்குப் பரிசோதனை அதிகம் தேவையோ அவர்களே தவறவிடுகிறார்கள். ஆலை நிர்வாகம் நினைத்தால், ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு உள்ளேயே ஒரு பெண் மருத்துவரையும் நர்ஸையும் உட்காரவைக்கலாம். அதுவரை நைட் ஆஃப் கிடைக்கும் நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

மாதவிடாய் தொடங்கி ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள், குளிக்கும்போது விரல்களின் உள்பக்கத்தால் மார்பு முழுவதையும் அக்குள் வரைக்கும் தடவிப் பாருங்கள். வலி இல்லாத கட்டியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். வலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் முற்றிய பிறகு வருகிறார்கள். தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், அக்குளில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த ஷிப்டை மாற்றிக்கொண்டு அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றாக இருப்பதில்லை. ஆனால் ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் செய்யாமல் அதை யாராலும் சொல்ல முடியாது.